தோற்கும் வரை ஆடலாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டுக்குப் போனால் ஒரு காட்சியைக் கட்டாயம் பார்க்கலாம். வேர்டு, எக்செல் எல்லாம் அப்புறம்தான். முதலில் திறக்கப்படுவது சாலிட்டேர் சீட்டாட்டம். கேட்டால், "சும்மா, மவுஸ் பழகிக்கிறேன்" என்பார்கள். அதிலும் உண்மை உண்டு. 1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த இந்த ஆட்டம்தான் பலருக்கு மவுஸைப் பிடித்து இழுத்து விடக் கற்றுக்கொடுத்தது.

சாலிட்டேர் அலுத்துப்போனால் அடுத்து பலரும் தேடிப் போவது பிளாக்ஜாக். இலவசமாக ஆட எத்தனையோ புரோகிராம்கள் கிடைக்கின்றன. கூடவே விளம்பரங்களும் வந்து சேரும். எங்கள் சாஃப்ட்வேரில் ஒரு மாதம் பயிற்சி எடுங்கள், கேசினோவையே வெல்லுங்கள் என்ற ரகம். போன மாதம் என் பெரியப்பா மகன் இதில் மாட்டினான். கல்லூரியில் சேர்ந்ததற்காக வாங்கிக் கொடுத்த லேப்டாப். வாங்கி நாற்பது நாள்கூட ஆகவில்லை. "அண்ணா, நல்லா ஆடுறவங்களை கேசினோவுல ஆட விடாம வெளியே அனுப்பிடுவாங்களாமே, நிஜமா? எவ்வளவு தடவை அப்படி நடக்கும்?" என்று போனில் கேட்டான். அந்த சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்கலாமா என்பதுதான் அவன் உள்ளே வைத்திருந்த கேள்வி.

அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். சுருக்கமான பதில் இதுதான்: சாதாரணமாக ஆடுபவரை ஒருபோதும் தடுப்பதில்லை. கணக்குத் தெரிந்து சில்லறைக்கு ஆடுபவரை எப்போதாவது தடுப்பார்கள். கணக்குத் தெரிந்து பெரிய தொகைக்கு ஆடுபவரை, அவர் யாரென்று தெரிந்துவிட்டால், அநேகமாக எப்போதும் தடுப்பார்கள். இது நியாயமா என்பது தனிக் கேள்வி. எனக்கு அதில் ஒரு கருத்து இருக்கிறது. அதற்கு முன் ஆட்டத்தைப் புரிந்துகொள்வோம்.

சீட்டுக்கு ஞாபகம் உண்டு

கேசினோ என்றால் சட்டப்படி உரிமம் பெற்று நடத்தப்படும் சூதாட்ட விடுதி. அங்கே ஆடப்படும் பிளாக்ஜாக்கின் விதி எளிது. உங்கள் சீட்டுகளின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல் டீலரின் தொகையை மிஞ்ச வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி மூன்றுக்கும் 10 மதிப்பு. ஆஸுக்கு 1 அல்லது 11, எது வசதியோ அது. டீலருக்குச் சொந்த மூளையே தேவையில்லை. 17 வரும்வரை சீட்டு எடுத்தே ஆக வேண்டும், வந்துவிட்டால் நிறுத்த வேண்டும். புரோகிராம் மாதிரியே நடந்துகொள்கிறார்.

தாயக்கட்டைக்கு ஞாபகம் கிடையாது. போன தடவை ஆறு விழுந்தது அதற்குத் தெரியாது. சீட்டுக்கட்டு அப்படியல்ல. ஒரு ஆஸ் வெளியே வந்துவிட்டால், மறுபடி கலைத்துப் போடும்வரை அந்த ஆஸ் திரும்ப வராது. மிச்சமிருக்கும் கட்டில் என்ன இருக்கிறது என்பதை, வெளியே வந்ததை வைத்தே ஊகிக்கலாம். பத்தும் ஆஸும் அதிகம் மிச்சமிருந்தால் ஆடுபவருக்கு நல்லது. ஏன்? முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் ஆடுபவருக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும். டீலருக்கு வந்தாலோ அவர் உங்கள் பந்தயத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்வார். அதோடு, 16இல் நிற்கும் டீலர் கட்டாயமாக எடுக்கும் அடுத்த சீட்டு பத்தாக இருந்தால் அவர் கதை முடிந்தது.

இதை எண்ணும் முறை நம் ஊர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும். 2 முதல் 6 வரை எந்தச் சீட்டு வந்தாலும் ஒன்று கூட்ட வேண்டும். பத்து மதிப்புள்ள சீட்டோ ஆஸோ வந்தால் ஒன்று கழிக்க வேண்டும். 7, 8, 9 வந்தால் சும்மா இருக்க வேண்டும். மனதில் இருக்கும் எண் ஏறினால் பந்தயத்தை ஏற்றுவது, இறங்கினால் குறைப்பது. அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு சீட்டையும் ஞாபகம் வைத்திருக்கும் மேதை என்று சினிமாவில் காட்டுவதெல்லாம் ஜோடனை.

இதைக் கண்டுபிடித்ததில் கம்ப்யூட்டருக்குப் பெரிய பங்கு உண்டு. 1956இல் அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்த நான்கு பேர், மேஜை மேல் வைக்கும் கால்குலேட்டர்களைத் தட்டித் தட்டியே, எந்தக் கைக்கு எப்படி ஆடுவது சிறந்தது என்று கணக்குப் போட்டு ஒரு புள்ளியியல் இதழில் வெளியிட்டார்கள். அதைப் படித்த எட்வர்ட் தார்ப் என்ற கணித ஆசிரியர் எம்.ஐ.டி.யில் சேர்ந்ததும், அங்கிருந்த ஐபிஎம் 704 கம்ப்யூட்டரில் இதை ஏற்றிப் பார்ப்பதற்காக ஃபோர்ட்ரான் மொழியைத் தானே கற்றுக்கொண்டார். கட்டிலிருந்து குறிப்பிட்ட சீட்டுகளை எடுத்துவிட்டால் ஆட்டம் யார் பக்கம் சாய்கிறது என்று அது கணக்கிட்டுக் கொடுத்தது. 1961இல் முடிவைக் கணித மாநாட்டில் வாசித்தார். ஒருவர் 10,000 டாலர் கொடுத்து உதவ, நெவாடா மாநிலத்துக்குப் போய் ஆடி 11,000 டாலர் லாபத்தோடு திரும்பினார். 1962இல் 'பீட் தி டீலர்' என்ற புத்தகம் வந்தது. அதன் பிறகு அவர் முகத்தைப் பார்த்தாலே கேசினோக்காரர்கள் கதவைக் காட்டினார்கள். தாடி வளர்த்துக்கொண்டுகூடப் போய்ப் பார்த்திருக்கிறார்!

அந்த ஐபிஎம் 704 ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொண்டிருக்கும். இன்று உங்கள் மேஜையில் இருக்கும் சாதாரண கம்ப்யூட்டர் அதைவிட எத்தனையோ மடங்கு வேகமானது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாவாவில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி, பத்துக் கோடி ஆட்டம் ஆட விட்டுப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடித்துவிட்டது. தவறே செய்யாமல், ஆனால் எண்ணாமல் ஆடினால் கேசினோவுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய அரை ரூபாய் லாபம். எண்ணி, பந்தயத்தை ஏற்றி இறக்கி ஆடினால் ஆடுபவருக்கு நூற்றுக்குச் சுமார் ஒரு ரூபாய் லாபம். புத்தகங்களும் இதையேதான் சொல்கின்றன.

நூற்றுக்கு ஒரு ரூபாய். விளம்பரத்தில் இந்த எண்ணைப் போட மாட்டார்கள்.

யாருக்கு முதலில் தெரியும்?

இங்கேதான் முக்கியமான கணக்கு வருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் உங்களுக்குச் சராசரியாகப் பந்தயத்தில் நூறில் ஒரு பங்கு லாபம். ஆனால் அதிர்ஷ்டத்தால் ஏற்படும் ஏற்ற இறக்கம் ஒரு ஆட்டத்துக்குப் பந்தயத்தைப் போல 1.15 மடங்கு. அதாவது இரைச்சல் நூற்றுப் பதினைந்து, பாட்டு ஒன்று. ஆட்டங்கள் கூடக்கூட லாபம் நேராக ஏறும், இரைச்சல் வர்க்கமூலமாகத்தான் ஏறும். ஆகவே ஒரு கட்டத்தில் லாபம் இரைச்சலை எட்டிப் பிடிக்கும். எப்போது? 115ஐ 115ஆல் பெருக்குங்கள். 13,225 ஆட்டம். மணிக்கு நூறு ஆட்டம் என்று வைத்தால் 132 மணி நேரம். அதுவும் ஒரே தொகையை வைத்து ஆடுவதாகப் போட்ட கணக்கு. பந்தயத்தை ஏற்றி இறக்கி ஆடும்போது இன்னும் பல மணி நேரம் கூடும். அத்தனை நேரம் தவறில்லாமல் ஆடிய பிறகும், ஆறு பேரில் ஒருவர் நஷ்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

இப்போது எதிர்ப்பக்கம் பார்ப்போம். கேசினோவின் கூரையில் எல்லா டேபிளுக்கும் மேலே கேமரா. கண்காணிப்பு அறையில் இருப்பவருக்கும் எண்ணத் தெரியும். அவர் உங்கள் வெற்றி தோல்வியைப் பார்க்க வேண்டியதே இல்லை. எண்ணிக்கை ஏறும்போது உங்கள் பந்தயமும் ஏறுகிறதா, இறங்கும்போது இறங்குகிறதா? இந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். சந்தேகம் இருந்தால் வந்த சீட்டுகளையும் வைத்த தொகைகளையும் ஒரு சாஃப்ட்வேரில் ஏற்றினால், எண்ணுகிறவரா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். பல இடங்களில் பந்தய வில்லைக்குள்ளேயே ரேடியோ அலையில் அடையாளம் சொல்லும் சின்னத் துணுக்கு வைத்திருக்கிறார்கள். (இந்த வில்லைக்கும் சிப் என்றுதான் பெயர். நம் கம்ப்யூட்டர் சிப் வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மொத்தத்தில் ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும்.

ஆக, உங்களுக்கு உங்கள் திறமை பலன் தருகிறதா என்று தெரிய நூறு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அவர்களுக்கு உங்களைத் தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம் போதும். எவ்வளவு தடவை தடுப்பார்கள் என்ற கேள்விக்கு விடை இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 2023இல் ஆன்சைட் வேலையாக எட்டு மாதம் நியூஜெர்சியில் இருந்தேன். என் அறை நண்பர் ஒருவர், அவரும் நம் ஊர்க்காரர், நான்கு மாதம் தினமும் ராத்திரி லேப்டாப்பில் சீட்டை ஓடவிட்டுப் பயிற்சி எடுத்தார். பாத்திரம் கழுவும்போதுகூட வாய் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருக்கும். ஒரு கட்டு முழுவதையும் அரை நிமிடத்துக்குள் எண்ணி முடிப்பார். சேர்த்து வைத்திருந்த ஐயாயிரம் டாலரை எடுத்துக்கொண்டு, ஒரு நீண்ட வார விடுமுறையில் லாஸ் வேகாஸுக்குக் கிளம்பினார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

இரண்டு கட்டு மட்டும் வைத்து ஆடும் டேபிள். எண்ணுபவர்களுக்கு அதுதான் பிடிக்கும். கேசினோக்காரர்களும் அந்த டேபிளைத்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பார்கள். நண்பர் பத்து டாலரில் தொடங்கி, எண்ணிக்கை ஏறினால் நூறு வரை வைத்தார். நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. கோட்டுப் போட்ட ஒருவர் பின்னால் வந்து, மிக மரியாதையாக, நீங்கள் இங்கே வேறு எந்த ஆட்டமும் ஆடலாம், பிளாக்ஜாக் மட்டும் வேண்டாம் என்றார். சிரித்த முகம் மாறவே இல்லை.

அந்த நேரத்தில் நண்பர் 340 டாலர் நஷ்டத்தில் இருந்தார்!

வெளியே வந்ததும் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "டேய், என்னைப் பார்த்து பயந்துட்டாங்கடா!" என்று தெருவிலேயே குதித்தார். பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவர் மாதிரி ஒரு பெருமை. எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. பக்கத்து டேபிளில் ஒரு வயதானவர் கண்மூடித்தனமாக ஆடி, கண் முன்னால் இரண்டாயிரம் டாலருக்கு மேல் தோற்றிருந்தார். அவருக்கு இலவசமாகக் குடிக்கக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் தோளைத் தட்டி, ஐயா போதும் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை.

நெவாடாவும் நியூஜெர்சியும்

மனதுக்குள் எண்ணுவது அமெரிக்காவில் எங்கும் குற்றம் இல்லை. ஆனால் நெவாடாவில் கேசினோ தனியார் இடம் என்று கருதப்படுகிறது. போ என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. இனி வராதே என்று எச்சரித்த பிறகு மறுபடி நுழைந்தால் அத்துமீறல் வழக்கு வரும். எண்ணியதற்கு அல்ல, நுழைந்ததற்கு.

நியூஜெர்சியில் கதை வேறு. அங்கே அட்லாண்டிக் சிட்டியில் 1978இல்தான் முதல் கேசினோ திறந்தது. கென் உஸ்டன் என்பவர் குழு சேர்த்து எண்ணி ஆடுவதில் பேர் போனவர். பங்குச் சந்தை ஒன்றில் பெரிய பதவியில் இருந்தவர். 1979இல் அந்தக் கேசினோ அவரைத் தடுத்தது. அவர் வழக்குப் போட்டார். 1982இல் மாநில உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் அதிகாரம் அரசின் ஆணையத்துக்கு. ஆணையம் தடுக்கச் சொல்லாதபோது, விதிப்படி ஆடுபவரைத் திறமைசாலி என்பதற்காகக் கேசினோ தானாக வெளியேற்ற முடியாது என்பதே அதன் சாரம். இந்தக் கென் உஸ்டன் நமக்குத் தூரத்துச் சொந்தம் என்றுகூடச் சொல்லலாம். 1980களில் பேக்-மேன் வீடியோ கேமை ஜெயிப்பது எப்படி என்று ஒரு புத்தகமும், வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டியும் எழுதியவர்!

தீர்ப்பு வந்ததும் எண்ணுபவர்களுக்குக் கொண்டாட்டம் என்று நினைக்காதீர்கள். ஆளைத் தடுக்க முடியாது, ஆனால் ஆட்டத்தை மாற்றலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்லாண்டிக் சிட்டி போனபோது இதை நேரில் பார்த்தேன். அங்கே எட்டுக் கட்டுகளை ஒன்றாகக் கலைத்து, ஷூ என்ற நீளப் பெட்டியில் வைத்து ஒவ்வொன்றாக உருவுகிறார்கள். பக்கத்தில் ஒரு பெண்மணி அமைதியாக ஆடிக்கொண்டிருந்தார். திடீரெனப் பந்தயத்தை ஐந்து மடங்கு ஏற்றினார். மேற்பார்வையாளர் வந்து டீலர் காதில் ஏதோ சொன்னார். பெட்டியில் பாதிச் சீட்டுக்கு மேல் மிச்சமிருந்தும், டீலர் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி கலைக்கத் தொடங்கிவிட்டார். அந்த அம்மாள் ஒரு பெருமூச்சு விட்டு, பழைய தொகைக்கே இறங்கினார். மறுபடி ஏற்றினார், மறுபடி கலைத்தார்கள். மூன்றாவது தடவை எழுந்து போய்விட்டார். அவரை யாரும் தடுக்கவில்லை.

எரிச்சலூட்டும் முறைதான். ஆனாலும் எனக்கு இது நெவாடா முறையைவிட நேர்மையாகப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ஓட்டையை ஏன் அடைக்கவில்லை?

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். நாங்கள் எழுதிய புரோகிராமில் ஒரு ஓட்டை இருந்து, விதிகளை மீறாமலே ஒருவர் அதைப் பயன்படுத்திக்கொண்டால், தவறு எங்களுடையது. ராத்திரி உட்கார்ந்து ஓட்டையை அடைத்து, அடுத்த நாள் பேட்ச் அனுப்ப வேண்டும். புரோகிராமைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்தவரை மட்டும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, மற்றவர்களிடம் தொடர்ந்து விற்றுக்கொண்டிருந்தால் அதற்கு என்ன பெயர்?

பிளாக்ஜாக்கின் ஓட்டையை அடைப்பது கேசினோவுக்குக் கஷ்டமே இல்லை. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் சீட்டுகளை உள்ளே வாங்கி ஓயாமல் கலைத்துக்கொண்டே இருக்கும் மெஷின்கள் பல வருடங்களாக இருக்கின்றன. அந்த மெஷின் இருந்தால் எண்ணுவதில் பிரயோஜனமே கிடையாது. எல்லா டேபிளிலும் ஒன்றை வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஏன் வைப்பதில்லை?

விடை 1964இல் இருக்கிறது. தார்ப் புத்தகம் பரபரப்பாக விற்றதும், லாஸ் வேகாஸ் கேசினோக்கள் பயந்துபோய் ஏப்ரல் 1 முதல் விதிகளைக் கடுமையாக்கின. என்ன ஆயிற்று? எண்ணத் தெரிந்தவர்கள் மட்டுமல்ல, எதுவும் தெரியாதவர்களும் டேபிளை விட்டுப் போனார்கள். சில வாரங்களிலேயே பழைய விதிகளுக்குத் திரும்பிவிட்டார்கள். பிறகு வேடிக்கையைப் பாருங்கள். பிளாக்ஜாக்கை ஜெயிக்கலாமாம் என்று கேள்விப்பட்டு, புத்தகத்தை அரைகுறையாகப் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஆட்டத்தின் மவுசு அதன் பிறகுதான் ஏறியது. (இது கம்ப்யூட்டர் மவுஸ் அல்ல!)

ஜெயிக்க முடியும் என்ற நம்பிக்கைதான் கேசினோவின் சரக்கு. ஓட்டையை அடைத்தால் நம்பிக்கையும் போய்விடும். ஆகவே ஓட்டையை அப்படியே வைத்து, அதன் வழியாக உண்மையிலேயே நுழையத் தெரிந்த சிலரை மட்டும் வாசலில் நிறுத்துகிறார்கள். எங்கள் கடை, எங்கள் விருப்பம் என்பது அவர்கள் வாதம். கடைக்காரருக்கு அந்த உரிமை இருக்கட்டும். ஆனால் போட்டி என்று போர்டு மாட்டி, காசு வாங்கிக்கொண்டு, ஜெயிக்கத் தெரியாதவர் மட்டுமே வரலாம் என்பதை மறைத்து வைப்பதை என்னால் வியாபாரம் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. நியூஜெர்சியில் விதி எல்லோருக்கும் முன்னால் மாறுகிறது; டேபிளில் இருக்கும் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். நெவாடாவில் ஆள் மட்டும் காணாமல் போகிறார்.

இப்போது இன்னொரு தந்திரமும் வந்துவிட்டது. முதல் இரண்டு சீட்டில் 21 வந்தால் ஒன்றரை மடங்கு என்று சொன்னேன் அல்லவா? பல டேபிள்களில் அதை 6க்கு 5 என்று மாற்றிவிட்டார்கள். பத்து டாலர் வைத்தால் முன்பு பதினைந்து கிடைக்கும், இப்போது பன்னிரண்டு. கேட்க எண் பெரிதாக இருப்பதால் பலர் நல்ல சலுகை என்று நினைத்து உட்காருகிறார்கள். இந்த ஒரு மாற்றமே கேசினோ லாபத்தை நூற்றுக்கு ஒன்றே கால் ரூபாய்க்கு மேல் கூட்டிவிடுகிறது. எண்ணுபவரைவிட எண்ணாதவருக்குத்தான் இதில் அடி.

யாரைத் தடுக்கிறார்கள் என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2014இல் நடிகர் பென் அஃப்லெக்கை லாஸ் வேகாஸ் கேசினோ ஒன்று பிளாக்ஜாக் ஆட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவரே பிறகு பேட்டியில் அதை ஒப்புக்கொண்டார். டான் ஜான்சன் என்பவர் 2011 வாக்கில் அட்லாண்டிக் சிட்டியின் மூன்று கேசினோக்களில் சில மாதங்களில் சுமார் 1.5 கோடி டாலர் ஜெயித்தார். அவர் எண்ணவே இல்லை. தோற்றால் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்று முன்கூட்டியே பேரம் பேசி, அந்தப் பேரத்திலேயே லாபத்தை வைத்துக்கொண்டார். கேசினோ நிர்வாகமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சலுகை! பணம் போன பிறகுதான் விழித்துக்கொண்டு, பந்தய உச்ச வரம்பைக் குறைத்தும் சலுகையை நிறுத்தியும் அவரைக் கழற்றிவிட்டார்கள். தடுப்பது எண்ணுவதை அல்ல, பணம் எதிர்த்திசையில் ஓடுவதைத்தான்.

இதைவிட எனக்கு அதிகம் பயம் தருவது பட்டியல். 1967 முதல் கிரிஃபின் என்ற துப்பறியும் நிறுவனம் லாஸ் வேகாஸில் ஒரு புகைப்படப் புத்தகம் தயாரித்துக் கேசினோக்களுக்குக் கொடுத்துவந்தது. அதில் சீட்டில் குறி போடும் மோசடிக்காரர்கள் படமும் இருக்கும், மனதில் எண்ணுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாதவர்கள் படமும் இருக்கும். படம் இருந்தவர்களில் சிலர் அவதூறு வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். 2005இல் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. புத்தகத்தின் காலம் முடிந்தாலும், முகத்தை அடையாளம் காணும் சாஃப்ட்வேர் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. ஒரு ஊரில் தடுக்கப்பட்டவர் அடுத்த ஊர்க் கேசினோ வாசலை மிதித்த உடனே தெரிந்துவிடக் கூடிய காலம் இது. முகம் பாஸ்வேர்டு மாதிரி அல்ல. ஒரு தடவை பட்டியலில் ஏறினால் மாற்றிக்கொள்ள முடியாது.

இன்னொரு பக்கம், ஆடுபவர் கம்ப்யூட்டரைத் தொடவே கூடாது. கீத் டாஃப்ட் என்ற பொறியாளர் 1970களில் ஜார்ஜ் என்று ஒரு கம்ப்யூட்டரைச் செய்து உடம்பில் கட்டிக்கொண்டு போனார். ஏறக்குறைய ஏழு கிலோ! கால் விரலால் பட்டனை அழுத்திச் சீட்டைச் சொல்ல வேண்டும். மைக்ரோபிராசசர் வந்த பிறகு டேவிட் என்று சிறியதாக ஒன்று செய்தார். 1985இல் நெவாடா இத்தகைய கருவிகளைக் குற்றமாக்கியது. 2009இல் ஐபோனில் எண்ணிச் சொல்லும் ஒரு புரோகிராம் வந்தபோது, அதைக் கேசினோவுக்குள் பயன்படுத்துவதும் அதே சட்டத்தில் வரும் என்று நெவாடா கட்டுப்பாட்டு வாரியம் எச்சரித்தது. ஆகவே விளையாட்டாகக்கூட போனை டேபிளில் எடுத்து வைக்காதீர்கள். கேமராவும் சாஃப்ட்வேரும் அவர்களுக்கு. நமக்கு மூளை மட்டும். மூளையும் கொஞ்சம் நன்றாக இருந்தால் வெளியே!

தம்பி இத்தனையும் கேட்டுவிட்டு, "அப்போ ஆன்லைன்ல ஆடினா யாரும் தடுக்க மாட்டாங்கல்ல?" என்றான். தடுக்க மாட்டார்கள்தான். அங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் புரோகிராம் புதிதாகச் சீட்டைக் கலைத்துவிடுகிறது. முந்தைய சீட்டின் ஞாபகமே மிஞ்சாது. எண்ணத் தெரிந்தவரும் தெரியாதவரும் அங்கே ஒன்றுதான். அதனால்தான் தடுக்கவும் அவசியமில்லை. அது போக, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து நம் நாடாளுமன்றம் 2025இல் சட்டமே நிறைவேற்றிவிட்டது. அந்தப் பயிற்சி சாஃப்ட்வேரில் நீங்கள் ஜெயிப்பது உண்மையாகவே இருக்கலாம். அதில் கோட்டுப் போட்டவர் வருவதில்லை, பாதியில் கலைப்பதில்லை, கையில் இருக்கும் பணம் தீர்ந்தால் மறுபடி ஒரு கிளிக்கில் நிரம்பிவிடுகிறது.

தம்பி அதை வாங்கவில்லை. அதற்குப் பதில், எக்செலில் ரேண்ட்பிட்வீன் ஃபார்முலாவைப் போட்டு 1 முதல் 13 வரை எண்களை வரவழைத்து, தானே ஒரு பிளாக்ஜாக் ஷீட் செய்து அனுப்பியிருக்கிறான். ஆயிரம் ஆட்டத்தில் ஆடுபவர் படுதோல்வி அடைகிறார். ஏன் இவ்வளவு மோசம் என்று திறந்து பார்த்தேன். ஆஸை 11 ஆகவும் எண்ணலாம் என்பதை மறந்துவிட்டிருக்கிறான். ராஜாவுக்கு 13 கொடுத்து வைத்திருக்கிறான். இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும்.